நிறமும் உப்பும்

கொங்கு நாட்டில் எழுத்தாளர்கள் கூடிச் செயல்படுவது புதிதன்று. 1971-இல் கோவையில் தோன்றிய வானம்பாடி இயக்கத்தை நம்முள் மூத்த வாசகர் அறிவர். உழைப்பவனை அக்கவிஞர்கள் உரத்த குரலில் பாடினார்கள். குரலில் உண்மை இருந்தது. ஆனால் அவன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனான், என்ன கூலி பெற்றான், எந்தத் தண்ணீரைக் குடித்தான் என்னும் விவரங்கள் அக்கவிதைகளுக்குள் பெரும்பாலும் வரவில்லை. அவற்றைத் தந்தவர்கள், பின்னாளில் திருப்பூரை எழுத வந்த உரைநடையாளர்கள்.

அவர்களுள் இருவரை இங்கே எடுத்துக்கொள்கிறோம். சுப்ரபாரதிமணியன், 'கனவு' என்னும் சிற்றிதழை 1987-இல் செகந்திராபாத்தில் தொடங்கிப் பின்னர் திருப்பூருக்குக் கொண்டுவந்தவர். எம். கோபாலகிருஷ்ணன் திருப்பூரிலேயே பிறந்தவர். இருவரையும் ஒரே சங்கத்தார் என்று சொல்ல இயலாது. ஒரே ஊரின் புழுதியில் நடந்தவர்கள் என்ற உறவு போதும். முன்னவரின் 'சாயத்திரை' 1998-இலும், பின்னவரின் 'மணல்கடிகை' 2004-இலும் வெளிவந்தன. "இவை புதிய நூல்கள் அல்லவே!" என்பீர்கள். நம் இல்லங்களின் அலமாரிகளுக்கு இவை இன்னும் புதியவையே.

வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊத்துக்குளியில் அமர்ந்து இவற்றை வாசிப்பது ஒரு தனி அனுபவம். மேய்ச்சல் காட்டையும் எருமையையும் நம்பியிருந்த ஊரிலிருந்து, விடியலில் பனியன் கம்பெனி வண்டிகள் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் அவர்கள் திரும்புகிறார்கள். சற்றுத் தெற்கே நொய்யல் ஓடுகிறது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் திறக்கப்பட்டது. பாசனத்திற்கென்று கட்டிய அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. தண்ணீர் கேட்ட உழவரே, அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று முறையிடும் நிலை வந்தது.

இதைத்தான் 'சாயத்திரை' எழுதியது. சுற்றுச்சூழலுக்கென்றே ஒரு திருத்தந்தையின் சுற்றுமடல் வந்தது 2015-இல். அதற்குப் 17 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாவலாசிரியர் நம் ஆற்றங்கரையில் நின்று அழுதிருக்கிறார். ஆன்ம சோதனைக்காக நாம் அச்சிட்டு வழங்கும் கேள்விகளில் ஆறு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. இந்த வெட்கத்தோடுதான் நூலின் குறையையும் சொல்ல வேண்டும். சீற்றம் மிகுந்த இடங்களில் செய்தி கதையை முந்திக்கொள்கிறது. மாந்தர்கள் கேட்டுக்குச் சாட்சிகளாக நிற்கிறார்கள். அதில் தங்களுக்குள்ள பங்கை எண்ணிப் பார்க்கும் தனிமை அவர்களுக்குப் போதிய அளவு வாய்க்கவில்லை.

சாயத்தொழிலின் ஒரு நுட்பத்தை இங்கே நினைவுகூரலாம். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பை மிகுதியாகச் சேர்ப்பர். உப்பு, சாயத்தை நூலின்பால் தள்ளிவிடுமேயன்றித் துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறிவிடும். தொடக்ககாலச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் பிரிக்க முடியவில்லை. தெளிந்ததுபோல் தோன்றிய நீர்தான் தோட்டங்களையும் கிணறுகளையும் உவராக்கிற்று. மலைப்பொழிவில் உப்பைப் பற்றிக் கேட்டுப் பழகிய நமக்கு இது நெருடலான செய்தி.

'சாயத்திரை' நிறத்தைக் காட்டிய நூல் என்றால், 'மணல்கடிகை' உப்பைக் காட்டிய நூல் என்போம். ஐந்து நண்பர்கள், வளர்ந்துவரும் ஏற்றுமதி நகரம், காசு, ஏற்றம், சறுக்கல். இவர்களுள் எவனும் கொடியவன் அல்லன். ஒவ்வொருவனும் சின்னஞ்சிறு இசைவுகளைத் தருகிறான். ஆண்டுகள் கழித்து அவற்றின் உவர்ப்பு தெரிகிறது. இரண்டாம் யோவான் பவுல் 1987-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகளைப் பற்றிப் பேசியபோது, அவை தனிமனிதச் செயல்களில்தான் வேர்கொள்கின்றன என்பதையும் சேர்த்தே சொன்னார். முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, கட்டமைப்பின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துவிடுகிறோம். அந்த மறுபாதிக்குக் கோபாலகிருஷ்ணனின் நாவலைவிட நல்ல விளக்கவுரையை நாம் தமிழில் கண்டதில்லை. நீளம் சற்று மிகுதிதான். ஆண்-பெண் உறவைத் தயக்கமின்றி எழுதும் பக்கங்கள் சிலரை நெளியச் செய்யும். அதற்காக நூலை மூடிவிட வேண்டாம். நம் வீடுகளில் ஓடும் தொலைக்காட்சித் தொடர்களைவிட இது நாணமுள்ள நூல்.

2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆற்றுக்கு நீதி கிடைத்த அந்நாள்களில் கூலி இழந்து நின்றவர்களும் நம் மக்களே. இவ்விரு உண்மைகளையும் ஒருசேரத் தாங்கும் நாவல் இன்னும் எழுதப்பட வேண்டும் என்றே நமக்குப் படுகிறது.

சென்ற தவக்காலத்தில் இளைஞர் கூட்டத்தில் 'சாயத்திரை'யின் சில பக்கங்களை வாசித்தோம். பவர் டேபிளில் தைக்கும் தம்பி ஒருவர் எழுந்தார். "சாமி, ஆத்தைக் கெடுத்தது மொதலாளிங்கதான்னு சொல்லிப்போட்டுப் போயிரலாமுங்க. ஆனா எங்கப்பன் சாயப்பட்டறைச் சம்பளத்துலதானுங்களே எங்களைப் படிக்க வெச்சாரு?" என்றார். நாம் உடனே மறுமொழி சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் 'மணல்கடிகை'யை அவர் கையில் கொடுத்தனுப்பினோம். இன்னும் திருப்பித் தரவில்லை; நாமும் கேட்கவில்லை.