குக்குலுவும் நெஞ்சுவலியும்: அந்த 200 பேர் கணக்கு

அண்ணனூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் குக்குலு மாத்திரை டப்பாவைக் காட்டினார். "நெஞ்சுவலிக்கு 200 பேர்கிட்ட டெஸ்ட் பண்ணி நிரூபிச்சிருக்காங்களாம். பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றார். பார்த்தேன்.

முதலில் பெயர்க் குழப்பம். குக்குலு என்பது ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலத்து முட்செடியின் பிசின். நம்மூர்க் குங்கிலியம் பெரும்பாலும் சால மரத்துப் பிசின். ஒன்றின் ஆய்வை இன்னொன்றுக்குச் சொல்லக்கூடாது.

அந்த 200 பேர் ஆய்வு 1993-இல் வந்தது. குக்குலுவோடு புஷ்கரமூலம் என்ற வேரையும் சேர்த்து, இதய நோயாளிகளுக்கு 6 மாதம் கொடுத்தார்கள். பலருக்கு வலி குறைந்தது. சரி, குறைத்தது பிசினா, வேரா? அதைவிடப் பெரிய ஓட்டை: மருந்து சாப்பிடாத ஒப்பீட்டுக் குழுவே இல்லை.

நெஞ்சுவலியில் இது சின்னக் குறை இல்லை. 1950-களில் மார்பின் உள்பக்க ரத்தக்குழாயைக் கட்டிவிடும் அறுவை சிகிச்சை பிரபலமாக இருந்தது. பலரும் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். 1959-இல் அமெரிக்காவில் 17 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். அவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்தது! நம்பிக்கையே வலியைக் குறைக்கும். அடைப்பு அப்படியே இருக்கும்.

கொழுப்பு விஷயத்திலாவது? காசி இந்துப் பல்கலையில் சத்யவதி 1966-இல் செய்த ஆய்வுதான் தொடக்கம். பிறகு வந்த சில இந்திய ஆய்வுகளில் கொழுப்பு குறைந்தது. ஆனால் 2003-இல் ஜாமா இதழில் வந்த, 103 பேரை ஒப்பீட்டுக் குழுவோடு 8 வாரம் கவனித்த ஆய்வில், குக்குலு சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு கொஞ்சம் ஏறியது.

யாரும் பேசாத ஆய்வு ஒன்று இருக்கு. 1994-இல் ஆரோக்கியமானவர்களிடம் செய்தது. குக்குலுவோடு சேர்த்துச் சாப்பிட்டபோது புரோப்ரனலால், டில்டியாசெம் இரண்டும் ரத்தத்தில் சேரும் அளவு குறைந்தது. இரண்டுமே நெஞ்சுவலிக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரைகள். அதாவது, "கூட இதுவும் இருக்கட்டும்" என்று போடுவது, வேலை செய்கிற மருந்தையே கெடுக்கலாம்.

பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன்: "டப்பாவை உங்க ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டுங்க சார். அவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. சும்மா இருக்கும்போதே வலி வந்தா, டப்பாவைத் தேடாம 108-க்கு போன் பண்ணுங்க."