முகங்களைப் பேசவைத்தவர்

சோவியத் காலத்து ஆவணப்படம் என்றாலே ஒரு கனத்த குரல் நினைவுக்கு வரும். டிராக்டர் ஓடும், அணை எழும், குரல் எல்லாவற்றையும் விளக்கிவிடும். லாத்வியாவின் தலைநகர் ரீகாவில் 1960களில் சிலர் அந்தக் குரலை அடக்கினார்கள். இவர்ஸ் கிராவுலீடிஸ் 1961இல் ‘வெள்ளை மணிகள்’ எடுத்தார். ஒரு சிறுமி நகரத்தில் நடந்து போவதுதான் கதை. உல்டிஸ் பிரவுன்ஸ் 1967இல் எடுத்த படத்துக்கு அன்றைய சோவியத் மக்கள்தொகையான 23.5 கோடியே தலைப்பு. விமர்சகர்கள் இந்தப் போக்கைக் கவித்துவ ஆவணப்படம் என்றார்கள். தணிக்கை இருந்த நாட்டில் மௌனம் அழகியலாக மட்டுமின்றிப் பாதுகாப்பாகவும் இருந்தது என்பதைப் பாராட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அந்த மௌனத்துக்குள் வளர்ந்து, அதை உடைத்தவர் யூரிஸ் போட்னியெக்ஸ். 1950இல் ரீகாவில் பிறந்தவர். தந்தை செய்திப்படங்களின் அறிவிப்பாளர். மகனோ மாஸ்கோவில் ஒளிப்பதிவு படித்து 1975இல் தேறினார். அவருடைய முதல் பெரிய சாதனை இன்னொருவரின் படத்தில் இருக்கிறது. ஹெர்ட்ஸ் ஃபிராங்க் 1978இல் இயக்கிய ‘பத்து நிமிடம் மூத்தவன்’ முழுக்க ஒரே ஷாட். பொம்மலாட்டம் பார்க்கும் ஒரு சிறுவனின் முகம். பொம்மைகளை நாம் பார்ப்பதே இல்லை. 35 மி.மீ. படச்சுருள் 300 மீட்டர் ஓடினால் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். படத்தின் நீளத்தைச் சுருளே தீர்மானித்தது. பயம், சிரிப்பு, அழுகை எல்லாம் அந்த முகத்தில் வந்து போகின்றன. கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் போட்னியெக்ஸ். ஒரு முகத்தை விட்டு நகராமல் காத்திருக்கும் பொறுமையை அங்கேதான் அவர் கற்றார் என்று நினைக்கிறேன்.

இயக்குநரானபின் அந்தப் பொறுமையோடு கேள்வியையும் சேர்த்தார். ‘துப்பாக்கி வீரர்களின் விண்மீன் கூட்டம்’ (1982) ரஷ்யப் புரட்சிக் காலத்து லாத்விய வீரர்களில் எஞ்சிய கிழவர்களைத் தேடிப் போகிறது. அவர்களுடைய தோழர்கள் பலரை ஸ்டாலின் ஆட்சி பின்னாளில் கொன்றுவிட்டிருந்தது. அதை உரக்கச் சொல்ல முடியாத ஆண்டு அது. கிழவர்கள் பேச்சை நிறுத்தும் இடங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1986இல் வந்த ‘இளமையாய் இருப்பது எளிதா?’ அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டது. 1985இல் ஓக்ரே என்ற ஊரில் ‘பெர்கோன்ஸ்’ ராக் குழுவின் கச்சேரி முடிந்து திரும்பிய இளைஞர்கள் ரயில் பெட்டிகளை நொறுக்கினார்கள். வழக்கு நடந்தது. போட்னியெக்ஸ் அந்தக் கச்சேரி, நீதிமன்றம், பங்க் இளைஞர்கள், பிணவறையில் வேலை செய்யும் பையன், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறார். யாருக்கும் தீர்ப்பு எழுதவில்லை. தங்கள் நம்பிக்கையின்மையை அந்த இளைஞர்கள் வெகு சாதாரணமாகச் சொல்கிறார்கள். பெரியவர்களைக் கலங்கடித்தது அந்தச் சாதாரணம்தான். சோவியத் தலைவர் கோர்பச்சேவின் வெளிப்படைத்தன்மைக் கொள்கை அப்போதுதான் தொடங்கியிருந்தது. சோவியத் நகரங்களில் ஒரு ஆவணப்படத்துக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள்.

பிறகு பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக ஐந்து பாகத் தொடர்: ‘ஹலோ, கேட்கிறதா?’ செர்னோபில், ஆர்மீனிய நிலநடுக்கம், யாரோஸ்லாவ்ல் தொழிற்சாலையின் தொழிலாளர் வேலைநிறுத்தம். வீச்சு பெரிது, ஆனால் ஒரு முகத்தருகே நிற்க நேரமில்லாத அவசரம் அதில் தெரிகிறது. எனக்கு அது அவருடைய சிறந்த படைப்பு அல்ல.

பால்டிக் நாடுகளின் பாட்டுத் திருவிழாக்களைச் சுற்றி எடுத்த ‘தாயகம்’ (1990) முடிந்தபின் வரலாறு அவரை விடவில்லை. 1991 ஜனவரி 20 இரவு, ரீகாவில் சோவியத் சிறப்புக் காவல்படை உள்துறை அமைச்சகத்தைத் தாக்கியது. அவருடைய குழுவின் ஒளிப்பதிவாளர் ஆண்ட்ரிஸ் ஸ்லாபின்ஷ் சுடப்பட்டு இறந்தார். குண்டடிபட்ட இன்னொரு ஒளிப்பதிவாளர் க்விடோ ஸ்வைக்ஸ்னே பிப்ரவரியில் இறந்தார். அந்த இரவின் காட்சிகளை ‘தாயகம்’ படத்துக்குப் பின்குறிப்பாகச் சேர்த்தார் போட்னியெக்ஸ். காட்சியமைப்பின் நேர்த்தி என்ற பேச்சே அங்கே எடுபடாது. எடுத்தவரே சாகிறார்.

1992 ஜூன் 23, நடுக்கோடைத் திருநாள். ஏரியில் முக்குளிக்கப் போன போட்னியெக்ஸ் திரும்பவில்லை. வயது 41. அவர் பெயரால் நடக்கும் ஸ்டூடியோவில் அவருடைய சகா அன்த்ரா சிலின்ஸ்கா, 1986 படத்து இளைஞர்களைத் தேடிப்போய்த் தொடர்ச்சிப் படங்கள் எடுத்தார். அந்தப் பையன்கள் அதற்குள் சுதந்திர லாத்வியாவின் குடிமக்கள். எளிதா என்று அவர்களிடம் மறுபடியும் கேட்கிறது கேமரா.