'நான்தான் கள்வன்': சிலப்பதிகாரத்தில் குற்ற உணர்வு



பாண்டியன் நெடுஞ்செழியனின் பண்புநலனை எழுதச் சொன்னால், மாணவர்கள் பலரும் ஒரே வரியில் முடிச்சிடுறாங்க: 'தவற்றை உணர்ந்து உயிர்விட்டான், ஆகவே நேர்மையானவன்.' விடை தவறில்லை. ஆனால், அவன் நேர்மை சாவில் மட்டும்தான் இருக்கிறதா? காப்பியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

கொலைக்களக் காதையில் அவன் குற்றவாளிதான். ஊடல் கொண்ட தேவியைத் தேடிப் போகும் அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமலேயே ஆணையிடுகிறான். கோவலனை நேரில் கண்ட காவலர்களுக்கோ சந்தேகம் வருகிறது. கொல்லத்தக்கவனாக இவன் தெரியவில்லையே என்கிறார்கள். ஆனால் பொற்கொல்லன் பேசப் பேச அடங்கிப் போகிறார்கள். கடைசியில் குடிகாரன் ஒருவன் வாளை வீசுகிறான். உண்மை மனசுக்குப் பட்டும், அதற்காக நிற்கும் துணிவு அங்கே யாருக்கும் இல்லை.

இப்போது வழக்குரை காதைக்கு வாருங்கள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் உடனே சொல்லி, கோவலனிடம் எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் செய்கிறான். பேசாமல் இருந்திருக்கலாம், காவலரை ஏவி அவளை வெளியேற்றியிருக்கலாம். தனக்கு எதிரான சாட்சியைத் தானே சபையில் வைக்கிறானே, நேர்மை இங்கேதான் தொடங்குகிறது. மாணிக்கம் தெறித்ததும், கோவலன்மேல் சுமத்திய கள்வன் என்ற பெயரைத் தானே ஏற்கிறான். பொற்கொல்லன் சொன்னதைச் சொல்கிறான். ஆனால் பழியை அவனிடம் தள்ளவில்லை. கேட்டது என் குற்றம் என்கிறான்.

குற்றமே செய்யாதவர்களும் இந்தக் காப்பியத்தில் குற்ற உணர்வால் வாடுகிறார்கள். அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் இறங்குகிறாள். கவுந்தியடிகள் உண்ணாமல் உயிர் துறக்கிறார். நீர்ப்படைக் காதையில் இச்செய்திகள் வருகின்றன.

அடுத்து வருவதை நாம் வகுப்பில் அதிகம் பேசுவதில்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் நோயும் வந்தபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு 1000 பொற்கொல்லரைப் பலியிடுகிறான். பிறகு மழை பெய்து நாடு செழித்தது என்றுதான் காப்பியம் சொல்கிறது, கண்டிக்கவில்லை. ஆனால், இன்றைய வாசகர் கேட்கலாம் அல்லவா? ஒருவன் செய்த களவுக்கு 1000 பேரா? நெடுஞ்செழியன் பழியைத் தன்மேல் ஏற்றான். பின்வந்தவன் அதை ஒரு தொழில்குலத்தின் தலையில் இறக்கினான். கருணை இல்லாத பரிகாரமும் இன்னொரு கொலைக்களம்தான்.

இதை எழுதும்போது எனக்கே குத்துகிறது. பினாங்கில் நான் கற்பிக்கும் வகுப்பில் ஒருமுறை 20 ரிங்கிட் காணாமல் போனது. எடுத்தவர் சொல்லும்வரை எல்லாரும் நில்லுங்க என்றேன். யாரும் சொல்லவில்லை. மறுநாள் பணம் என் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. 'நான்தான் மறந்துட்டேன், மன்னிச்சிடுங்க' என்று 32 பேர் முன்னால் சொல்ல, அடுத்த பாடவேளை முடியும்வரை எனக்குத் துணிவு வரவில்லை. சொன்னதும் பின்வரிசை மாணவி ஒருத்தி, 'பரவாலங்க டீச்சர்' என்றாள். அந்தக் கருணைக்கு நான் தகுதியா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மாணவர்களே, பண்புநலன் வினாவுக்கு விடை எழுதும்போது மூன்று நிலைகளைக் காட்டுங்கள்: விசாரிக்காத அவசரம், முத்து என்று சொன்ன நேர்மை, பழியைத் தானே ஏற்ற துணிவு. ஒவ்வொன்றுக்கும் காப்பியச் சான்று கொடுங்கள். ஆசிரியர்களே, அந்த 1000 பேரைப் பற்றியும் ஒரு பாடவேளை பேசுவோம். வகுப்பில் ஒருவர் தவறுக்கு எல்லாரையும் நிற்கவைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.