கேம் பேசாத இடத்தில் பிறக்கும் நாவல்

மிகுபுனைவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பிலேயே ‘உலகக் கட்டமைப்பு’ என்கிறார்கள். வரைபடம் எவ்வளவு விரிவு, அரச வம்சத்துக்கு எத்தனை தலைமுறை, மந்திரத்துக்கு விதிமுறை உண்டா என்பவையே அளவுகோல்கள். அந்தக் கணக்குப்படி வீடியோ கேம்களிலிருந்து எழுந்த நாவல்கள்தாம் இந்த வகையின் சிகரமாக இருந்திருக்க வேண்டும். பெரிய குழுக்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கட்டிய உலகம் எழுத்தாளரின் கைக்குத் தயாராக வந்துவிடுகிறதே! 35 ஆண்டுகளுக்கும் மேலான இந்த நூல்வரிசை காட்டுவதோ நேர்மாறான ஒன்றை. உலகம் எவ்வளவு நிரம்பி வழிந்ததோ அவ்வளவுக்கு நாவல் மூச்சுத் திணறியிருக்கிறது. உருப்படியான நாவல்கள் எல்லாம் கேம் வாய் திறக்காத இடங்களிலிருந்தே வந்திருக்கின்றன.

தொடக்க காலத்தை விரைந்து கடந்துவிடலாம். மேசையில் பகடை உருட்டி ஆடிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வைத்து ஆண்ட்ரே நார்ட்டன் 1978-இல் ‘குவாக் கீப்’ எழுதினார். அதே ஆட்டத்தை ஒட்டி 1984-இல் எழுத்தாளர்கள் வைஸும் ஹிக்மனும் ‘டிராகன்லான்ஸ்’ வரிசையைத் தொடங்கினார்கள். 1988-இல் கணினிக்கு வந்த ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ மறு ஆண்டே நாவலானது. 1990-இல் ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் ‘வேர்ல்ட்ஸ் ஆஃப் பவர்’ என்ற பெயரில் நின்டெண்டோ கேம்களைச் சிறுவர் நூல்களாக வரிசையாக இறக்கியது. வாசிக்கவே பிடிக்காத பையனையும் வாசிக்க வைப்பது அவற்றின் நோக்கம். நல்ல நோக்கம்தான்; இலக்கியக் கணக்கில் வரவு வைக்க ஒன்றுமில்லை. சப்கோவ்ஸ்கியின் ‘விட்சர்’ நாவலிலிருந்து கேமுக்குப் போனது, ஆகவே இங்கே சேராது.

அடுத்து வந்ததுதான் மன்னிக்க முடியாத காலம். ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ 1999-இல் வந்த கேம். சாக முடியாத, நினைவிழந்த ஒருவன் தான் செய்த பாவங்களின் தடத்தைத் தேடிப் போகும் கதை. திரையில் வாசிக்க வேண்டிய உரையே பல நாவல்களின் அளவு இருக்கும், எழுத்தும் உயர்தரம். அதே ஆண்டில் அதை நாவலாக்கியவர்களுக்குச் சொல்ல என்ன மிச்சம்? கிடைத்தது சப்பென்ற ஒரு சுருக்கம். ‘பால்டர்ஸ் கேட்’ அதைவிட மோசம். அந்தக் கேமில் நாயகன் யார், நல்லவனா கெட்டவனா என்பதையெல்லாம் ஆடுகிறவரே தீர்மானிப்பார். அதை நாவலாக்கிய ஃபிலிப் ஏதன்ஸ் அந்த வெற்றிடத்தில் அப்டெல் ஏட்ரியன் என்ற முரட்டு வாள்வீரனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவனுக்கு உடல் உண்டு, உள்ளம் இல்லை.

‘வார்கிராஃப்ட்’ நாவல்களில்தான் என் வாதத்துக்கான சான்று இரண்டு பக்கமும் கிடைக்கிறது. 1994-இல் வந்த முதல் கேமில் ஓர்க்குகள் என்ற முரட்டு இனத்தவர் வெறும் படையெடுப்பாளர்கள். அவர்களில் ஒருவனை நாயகனாக்கி ஒரு சாகச கேம் தயாராகிவந்தது. பெரும்பகுதி வேலை முடிந்த நிலையில் 1998-இல் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் அதைக் கைவிட்டது. கிடப்பில் போடப்பட்ட அந்தக் கதை கிறிஸ்டி கோல்டனிடம் வந்தது. 2001-இல் வந்த அவருடைய ‘லார்ட் ஆஃப் த க்ளான்ஸ்’ நாவலில், வாசகர் ஏற்கெனவே ஆடி முடித்த காட்சி என்று ஒன்றுகூடக் கிடையாது. அதனால் கோல்டனுக்கு மூச்சுவிட இடம் இருந்தது. த்ரால் என்ற ஓர்க் குழந்தையைப் பிளாக்மூர் என்ற மனிதத் தளபதி கோட்டையில் அடைத்து வளர்க்கிறான். களத்தில் சண்டையிடவும், நாளைக்குத் தனக்காக ஒரு படையை நடத்தவும் அவன் பயன்பட வேண்டும். அதற்காகவே எழுத்தறிவும் ஊட்டுகிறான். வேலைக்காரர் மகள் டரீதா, த்ராலுக்குப் போகும் புத்தகங்களுக்குள் கடிதத்தை ஒளித்து வைக்கிறாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளும் முன்பே எழுத்தில் உறவாகிவிடுகிறார்கள். அடிமைக்கு எசமான் கற்றுக்கொடுத்த எழுத்து, எசமானுக்குத் தெரியாமல் வேறொரு வேலையைச் செய்கிறது. பிற்பாடு த்ரால் படையோடு வந்து கோட்டையை வளைக்கும்போது பிளாக்மூர் மதிலிலிருந்து வீசுவது டரீதாவின் தலையை. கோல்டனின் நடை பல இடங்களில் கரடுமுரடு, பிளாக்மூர் ஒற்றைப் பரிமாண வில்லன். இருந்தும் அந்தக் கடிதங்கள் நிற்கின்றன.

அதே கோல்டன் 2009-இல் ‘ஆர்தாஸ்’ எழுதினார். விற்பனைப் பட்டியலில் ஏறிய நூல். ‘வார்கிராஃப்ட் 3’ கேமில் ஸ்ட்ராத்ஹோம் நகரத்து மக்கள் நோய் கண்டு பிணங்களாக எழும் முன்பே அவர்களைக் கொன்றுவிட இளவரசன் ஆர்தாஸ் முடிவெடுப்பான். மவுஸைச் சொடுக்கி வீடு வீடாகக் கொல்வது ஆடுகிறவரின் கை. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதுதான் அந்தக் கட்டத்தின் கொடூரம். நாவல் அதே நிகழ்வுகளை அதே வரிசையில் ஒப்பிக்கிறது. நம் கை மட்டும் அதில் இல்லை. இருந்த ஒன்றை எடுத்துவிட்டு வேறெதையும் வைக்காத நூலை வெற்றி என்று கொண்டாடியதை என்னால் ஏற்க முடியவில்லை.

‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ உலகம் இந்த நாவல்களுக்கு விரிக்கப்பட்ட பெரிய வலை. 2002-இன் ‘மாரோவிண்ட்’ கேமுக்குள்ளேயே அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் உண்டு. அவற்றில் மைக்கேல் கிர்க்பிரைட் எழுதிய ‘விவெக்கின் 36 பாடங்கள்’ எந்த நாவலாசிரியரையும் பொறாமைப்பட வைக்கும். அவ்வளவும் எழுதப்பட்ட பிறகு 2009-இல் கிரெக் கீஸ் ‘இன்ஃபெர்னல் சிட்டி’யுடன் வந்தார். அரசியலும் போரும் வரும் அத்தியாயங்கள் வறண்டவை. ஆனால் வானில் மிதந்துவரும் அம்ப்ரியல் நகரத்தின் சமையற்கூடத்தில் அன்னாயிக் என்ற பெண் சிக்கிக்கொண்டதும் நூலுக்கு உயிர் வந்துவிடுகிறது. அங்கே சமையல்காரர்களுக்குள் குத்துவெட்டு. கைமணத்தைக் காட்டினால்தான் உயிர் மிஞ்சும். கீஸ் தாமாக ஏற்றிய அடுப்பு அது. எந்தக் கேமிலும் அது எரிந்ததில்லை.

‘டிராகன் ஏஜ்’ நாவல்களும் இதையே சொல்கின்றன. கேமின் தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டரே எழுதிய முதல் நாவல்கள் முன்கதைக் கோப்புகளாக நின்றுவிட்டன. பேட்ரிக் வீக்ஸின் ‘மாஸ்க்ட் எம்பயர்’ (2014) மட்டும் தனித்துத் தெரிகிறது. பேரரசி செலீனும் அவளுடைய எல்ஃப் இனக் காதலி பிரியாலாவும் ஒருவரையொருவர் உண்மையாக நேசிக்கிறார்கள். எல்ஃப் மக்களின் கிளர்ச்சியைச் செலீன் தீயிட்டு அடக்கியதும் அந்தக் காதல் என்னவாகிறது என்பதே நாவல்.

கேமின் விதிகளையே கதைக்குள் கொண்டுவரும் ‘லிட்ஆர்பிஜி’ என்று இன்று ஓடும் அலையில், நாயகனின் பலமும் அவன் பெற்ற புள்ளிகளும் எண்களாகவே பக்கத்தில் அச்சாகின்றன. ஒருவன் மாறிவிட்டான் என்பதை எண்ணே சொல்லிவிட்டால் எழுத்தாளருக்கு வேலை குறைந்துபோகிறது; வாசகருக்கும்தான்.

இதற்கெல்லாம் எதிர்முனையில் நிற்பவை ஊமைக் கேம்கள். 1993-இன் ‘மிஸ்ட்’ ஏறத்தாழ ஆளரவமற்ற ஒரு தீவு. 1995-இல் அதை உருவாக்கிய மில்லர் சகோதரர்கள் டேவிட் விங்ரோவோடு சேர்ந்து எழுதிய ‘புக் ஆஃப் ஏட்ரஸ்’, பாலைவனத்துப் பாறைப் பிளவில் பேரனைத் தனியே வளர்க்கும் அன்னா பாட்டியோடு தொடங்குகிறது. அந்த முதல் அத்தியாயங்களில் கற்பது என்பதே சாகசம்.

ஃபுமிடோ உவேடாவின் ‘ஈகோ’ (2001) இன்னும் மௌனமானது. கொம்போடு பிறந்ததற்காகக் கோட்டையில் பலியாக விடப்பட்ட சிறுவன், ஒளி கசியும் யோர்டா என்ற பெண்ணைக் கைபிடித்து அழைத்துப் போகிறான். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஜப்பானில் துப்பறியும் நாவல்களுக்காகவும் சமூக நாவல்களுக்காகவும் பெயர்பெற்றவர், 1999-இல் நாவோகி பரிசு வென்ற மியாபே மியுகி. அவர் இந்தக் கேமில் மனம் தோய்ந்து 2004-இல் அதை நாவலாக எழுதினார். கேமில் சிறுவனின் மேலாடை வெறும் உடுப்பு. மியாபேவின் நாவல் அந்த ஆடையை நெய்யும் தறி நின்றுபோன இடத்தில் தொடங்குகிறது. பலியாகப் போகும் பிள்ளைக்கான உடையை நெய்ய வேண்டியவள் ஊர்த் தலைவரின் மனைவி ஓனே. தறி ஓடினால் பிள்ளை போய்விடும், ஓடாவிட்டால் ஊருக்கு ஆபத்து. ஊரே சேர்ந்து ஒரு பிள்ளையைக் கைவிடுவது எப்படி நடக்கிறது, நல்லவர்கள் அதற்கு எப்படி உடன்படுகிறார்கள் என்று மியாபே நிதானமாகக் காட்டுகிறார். கேமில் கைப்பிடித்து இழுக்கப்படுகிறவளாக மட்டுமே இருந்த யோர்டாவுக்கு நாவலின் நடுப்பகுதி முழுக்கத் தனிக்கதை. தாய் யார் என்பதை அறிந்துகொண்டே வளரும் மகளின் கதை அது. இறுதிப் பகுதி வேகம் குறைந்து இழுபடுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உலகத்தை விளக்குவதற்காக எழுதிய பக்கம் என்று ஒன்றையும் இதில் காட்ட முடியாது.

2011-இல் அலெக்சாண்டர் ஓ. ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இந்தத் துறையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இன்னும் ‘ஆர்தாஸ்’ பக்கமே நிற்கிறார்கள். இந்த வரிசையில் ஒரே ஒரு நூலுக்குத்தான் நேரமென்றால் மியாபேவை எடுங்கள். அதற்குக் கேமை ஆடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.