ஆனந்தரங்கப் பிள்ளை யாருக்காக எழுதினார்?

செஞ்சியில் கதை என்றால் முதலில் தேசிங்கு ராஜாதான். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதிலேயே செத்துப்போன தேஜ்சிங்கைக் கதைப்பாடல் இன்னும் குதிரையை விட்டு இறக்கவில்லை. அது கேட்பவர்களுக்காகவே பிறந்தது. எதிரே நாலு பேர் உட்காராமல் கதைப்பாடல் கிடையாது.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் வைக்கப்படுவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே ராத்திரியில் எங்கள் கோட்டையைப் பிடித்தபோது, பிள்ளை புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேவின் தலைமை துபாஷி. 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தவர், 1761 ஜனவரியில் இறக்கும்வரை எழுதினார். அவர் இருந்தவரை ஒரு பக்கம்கூட அச்சாகவில்லை. 1846இல்தான் குறிப்புகள் வெளியே தெரியவந்தன. 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தன.

"மனசுல இருக்கறதைக் கொட்டத்தான் எழுதினார். படிப்பவனை நினைக்காததால்தான் இவ்வளவு உண்மையா இருக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை படித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

முதல் நாள் குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும், கப்பல்கள் வருவது போவதையும், நடக்கிற புதுமைகளையும் எழுதப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். தனக்காக மட்டும் எழுதுகிறவர் யாரிடம் இந்த அறிவிப்பைச் செய்கிறார்? அங்கே ஒரு நாற்காலி காலியாகப் போடப்பட்டிருக்கிறது. யார் வந்து உட்காருவார் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம், ஆனால் நாற்காலி இருக்கிறது.

அதனால் என்ன லாபம் என்பதை 1748 செப்டம்பர் பக்கங்களில் பார்க்கலாம். ஆங்கிலேயரின் முற்றுகை நடந்துகொண்டிருந்த சமயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். பிள்ளை பெரிய பதவியில் இருந்தும் தடுக்க முடியவில்லை. இப்படி ஒரு நாளில் நாமாக இருந்தால் என்ன எழுதுவோம்? 'ஐயோ' என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். பிள்ளைக்கும் துக்கம் இருக்கிறது, டூப்ளேவின் மனைவிமேல் ஆத்திரமும் இருக்கிறது. ஆனால் யார் வந்தார்கள், யார் இடித்தார்கள், ஊர்ப் பெரியவர்கள் வந்து என்ன கேட்டார்கள், தான் என்ன பதில் சொன்னார் என்று எல்லாவற்றையும் வரிசையாக வைக்கிறார். தலைப்பில் தேதி. துக்கம் அந்த வரிசைக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. 275 வருஷம் கழித்துப் படிக்கிற எனக்கும் அது எட்டுவதற்குக் காரணம் அந்த வரிசைதான்.

அவரும் தவறுகிற இடங்கள் உண்டு. தன்னைப் பிறர் எப்படியெல்லாம் புகழ்ந்தார்கள் என்று நீட்டி முழக்குகிற பக்கங்கள், டூப்ளேவின் மனைவியைப் பற்றித் திரும்பத் திரும்பப் புலம்புகிற பக்கங்கள். எனக்கு அலுப்புத் தட்டியது இவற்றில்தான். அங்கெல்லாம் நாற்காலியை மறந்துவிடுகிறார்.

இங்கே ஒரு பரிசோதனையையும் சொல்ல வேண்டும். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிஷம், நாலு நாள் எழுத வைத்தார்கள். ஒரு குழு சாதாரண விஷயங்களை எழுதியது. மற்ற மூன்று குழுக்கள் தங்களைப் பாதித்த சம்பவத்தை எழுதின. அவற்றில் ஒன்று உணர்ச்சியை மட்டும், ஒன்று நடந்ததை மட்டும், ஒன்று இரண்டையும் சேர்த்து. அடுத்த சில மாதங்களில் உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போவது குறைந்தது, முக்கியமாக இரண்டையும் சேர்த்து எழுதியவர்களுக்குத்தான். வெறுமனே கொட்டித் தீர்ப்பது போதவில்லை.

இதை நான் ஆராய்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. பத்து வருஷம் முன்னால் என்னை ஒரு கம்பெனி வேலையை விட்டு அனுப்பியது. அன்றைக்கு ராத்திரி எழுத ஆரம்பித்து ஒரு மாசத்தில் நாற்பது பக்கம் ஆனது. யாருக்கும் காட்டவில்லை, காட்டுவதற்கு எழுதவும் இல்லை. எழுதும்போது பாரம் இறங்கியது நிஜம். போன வருஷம் எடுத்துப் படித்தேன். 'ஏமாத்திட்டாங்க', 'துரோகம்' என்று பக்கத்துக்குப் பத்து தடவை. என்ன தேதி? அறையில் யார் யார் இருந்தார்கள்? நான் என்ன சொன்னேன்? ஒன்றும் இல்லை. நேரம் பதியாத பிழைப் பதிவை வைத்து எந்த என்ஜினியரும் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. என்னுடைய நாற்பது பக்கமும் அந்த ரகம். அன்றைக்கு நான் வாயே திறக்காமல் கையெழுத்துப் போட்டேனா, இல்லை சண்டை போட்டுவிட்டுப் போட்டேனா என்று இப்போது எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

படிப்பவனை நினைத்தால் பொய் வந்துவிடும் என்று பயந்துதான் அப்படி எழுதினேன். அந்த பயம் நியாயம்தான், பிள்ளையின் தற்பெருமைப் பக்கங்களே சாட்சி. ஆனால் படிப்பவனை அடியோடு விரட்டினால், பத்து வருஷம் கழித்து வரப்போகிற நம்மையும் சேர்த்து விரட்டிவிடுகிறோம்.

பிள்ளை போன பிறகு அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் வீட்டு ஆள்தான். தம்பி மகன் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை அதே பாணியில் நாட்குறிப்பைத் தொடர்ந்து எழுதினார்.

என் நாற்பது பக்கத்தை நான் அழிக்கவில்லை. மேலே தேதியையும், அன்றைக்கு அறையில் இருந்ததாக ஞாபகம் இருக்கிற மூன்று பேரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். நாலாவது ஆள் யாரென்று இன்னும் ஞாபகம் வரவில்லை.