டிராக்டர் ஒன்றல்ல, நாலரை!

எறையூர் சர்க்கரை ஆலைக்கு அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிவரும் டிராக்டரைச் சாலைப் பொறியாளர் எப்படி எண்ணுவார் தெரியுமா? ஒன்று என்றல்ல, நாலரை என்று! கிராமப்புறச் சாலைகளுக்காக இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் வகுத்த நெறிப்படி, டிரெய்லரோடு வரும் டிராக்டர் 4.5 கார்களுக்குச் சமம். பேருந்து 3, மாட்டு வண்டி 8, மோட்டார் சைக்கிள் 0.5. ஒரு வண்டி சாலையை எவ்வளவு அடைத்துக்கொள்கிறது என்பதற்கான அளவு இது.

அளவில் குற்றமில்லை. ஆனால் அது ஆட்களை எண்ணுவதில்லை. 60 பேர் ஏறிய பேருந்து 3 அலகு. அதே 60 பேர் இருவர் இருவராக மோட்டார் சைக்கிளில் போனால் 15 அலகு. ‘போக்குவரத்து ஐந்து மடங்காகிவிட்டது, சாலையை அகலப்படுத்த வேண்டும்’ என்று மட்டும் ஊராரிடம் சொன்னால், பேருந்து குறைந்ததால் பெருகியதா என்று அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

எதிர்காலக் கணக்கு இன்னும் வழுக்கலானது. ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி என்று கொண்டால் 20 ஆண்டில் போக்குவரத்து 2.65 மடங்காகும். 8 சதவீதம் என்றால் 4.66 மடங்கு! இடையிலுள்ள வேறுபாட்டில் எத்தனையோ ஏக்கர் நஞ்சை அடங்கிவிடும். செய்முறை ஏட்டில் அலகும் பிழை வரம்பும் எழுதாத மாணவனை நாங்கள் திருப்பி அனுப்புகிறோம்.

2018-இல் 277 கிலோமீட்டர் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைத் திட்டத்தைப் பல உழவர்கள் தம் வயலில் நடப்பட்ட அளவைக் கற்களைக் கண்டே உணர்ந்தார்கள். நிலமெடுப்பு அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் ரத்து செய்தது; 2020-இல் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்றது. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி அறிவிக்கையின் சாரம் தமிழ் நாளிதழிலும் வரும். அதில் சர்வே எண்களைத் தேடலாம், வளர்ச்சி வீதத்தைத் தேட முடியாது. ஆட்சேபிக்க 21 நாள். சுற்றுச்சூழல் விதிகளின்படி, பொது விசாரணைக்கு வரும் அறிக்கையிலும் சுருக்கம் மட்டுமே தமிழில் கட்டாயம்.

2022-இல் சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கப்பட்ட எறையூருக்கும் நாளை அகலச் சாலை வரலாம். அப்போது வண்ண வரைபடம் வேண்டாம். எந்த நாளில் எண்ணினார்கள், அது அரவைப் பருவமா, எந்த வீதத்தைப் பெருக்கினார்கள் என்று தாலுகா அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டட்டும். கூட்டுவட்டி போடத் தெரிந்த எவரும் சரிபார்த்துவிடுவார்.