ஒளிப்படத்தின் அழகு: தூத்துக்குடி உப்பளக் காட்சிகளை முன்வைத்து

ஜி. யு. போப் 1840களில் கல்விக்கூடம் நடத்திய ஊர் என்று சாயர்புரத்தைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். அவ்வூரைச் சுற்றிப் பனையும் வாழையும் நிற்கின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூத்துக்குடியை நெருங்கும்போது, முள்ளக்காடு, முத்தையாபுரம் பகுதிகளில் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. பச்சை குறைந்து, கட்டம் கட்டமாகத் தேங்கிய நீரும் வரப்புகளும் வெள்ளை அம்பாரங்களும் தெரிகின்றன. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக மிகுதியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது.

இந்த உப்பளங்கள் ஒளிப்படக்காரர்களை நெடுங்காலமாக ஈர்த்து வருகின்றன. நாள்காட்டிகள், சுற்றுலாக் கையேடுகள், போட்டிகள், கைப்பேசித் திரைகள் என எங்கும் ஒரே வகைப் படம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. விடியற்கால வானம், கண்ணாடிபோல் அசையாத நீர், நடுவே ஒரு வரப்பு, அதன்மேல் தலையில் சுமையோடு நடக்கும் ஒரு கறுப்பு உருவம், நீரில் அவ்வுருவத்தின் தலைகீழ் நிழல். பார்த்தவுடன் ‘என்ன அழகு’ என்று சொல்ல வைக்கும் படம் அது. அந்த அழகு எதனால் உண்டாகிறது, அந்தப் படம் எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பவை ஆராயத்தக்க கேள்விகள்.

அழகை உண்டாக்கும் கூறுகள்

முதலில், அந்தப் படம் அழகாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குக் காரணங்களும் உண்டு. வரப்புகள் நேர்கோடுகளாக ஓடித் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தோன்றுவதால், கண்ணுக்கு ஒரு வழி கிடைக்கிறது. பாத்திகள் ஒரே வடிவில் அடுக்கப்பட்டிருப்பதால் தாளம்போன்ற ஓர் ஒழுங்கு பிறக்கிறது. அந்த ஒழுங்கின் நடுவே ஒரே ஒரு மனித உருவம் மாறுபட்டு நிற்பதால் பார்வை அங்கே தங்குகிறது.

ஒளியும் துணை செய்கிறது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி பக்கவாட்டில் விழுந்து, உப்புப் பரல் ஒவ்வொன்றுக்கும் சிறு நிழல் தருகிறது. அதனால் மேற்பரப்பின் சொரசொரப்பைத் தொட்டுப் பார்ப்பதுபோல் உணர முடிகிறது. உச்சிவேளையில் அதே உப்பு தட்டையான வெண்மையாகிவிடும். சில பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாகத் தெரிவதும் படத்துக்கு நிறம் சேர்க்கிறது. மிகுந்த உவர்ப்பிலும் வாழும் நுண்ணுயிர்களும் பாசியும் தரும் நிறம் அது.

ஆகவே அழகு என்பது பார்ப்பவரின் மனமயக்கம் மட்டுமே என்று சொல்ல இயலாது. கோடு, ஒளி, நிறம், மீள்வருகை ஆகியவை படத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அவை மட்டுமே அழகு என்றும் சொல்ல இயலாது.

கண் எவ்வாறு பார்க்கிறது

மனிதக் கண் முழுப் படத்தையும் ஒரே நொடியில் தெளிவாகப் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சிறு குழிவுதான் மிகத் தெளிவாகக் காண்கிறது. நீட்டிய கையின் கட்டைவிரல் நக அகலத்தைவிடச் சற்றே கூடுதலான பரப்பை மட்டுமே அது அடக்கும். எனவே கண் ஓரிடத்தில் தங்கி, தாவி, மற்றோரிடத்தில் தங்கிப் படத்தைத் துண்டு துண்டாகச் சேகரிக்கிறது. மனம்தான் அவற்றை ஒன்றாகக் கோக்கிறது.

சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் இந்தத் தாவல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார். எதிர்பாராமல் வீடு திரும்பிய ஒருவரைக் காட்டும் இலியா ரேப்பினின் ஓவியம் ஒன்றைப் பார்வையாளரிடம் தந்து, வெவ்வேறு கேள்விகளைக் கேட்டார். குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன என்று கேட்டபோது கண் அறையின் பொருள்களிலும் உடைகளிலும் சென்றது. அவர்களின் வயது என்ன என்று கேட்டபோது முகங்களுக்குச் சென்றது. படம் ஒன்றுதான், கண்ணும் ஒன்றுதான். கேள்வி மாறியதும் பார்வையின் வழி மாறியது. 1967இல் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய நூல் இன்றும் இத்துறையில் பேசப்படுகிறது.

உப்பளப் படத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். ‘எவ்வளவு அழகான வானம்’ என்ற எண்ணத்தோடு பார்ப்பவர் வானத்தைப் பார்க்கிறார். ‘இவர் யார், எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்’ என்று கேட்பவர் அந்தக் கறுப்பு உருவத்தில் முகத்தைத் தேடுகிறார். அங்கே முகம் இல்லை.

முகம் ஏன் கறுத்துப் போகிறது

முகம் மறைவதற்குக் கருவியின் கணக்கும் ஒரு காரணம். தன் முன்னுள்ள காட்சி சராசரியாக 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற எண்ணத்தின்மேல்தான் ஒளிமானி நெடுங்காலமாக அமைக்கப்பட்டு வந்திருக்கிறது. உப்போ அதைவிடப் பல மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ‘வெளிச்சம் மிகுதி’ என்று கருவி எண்ணி ஒளியைக் குறைக்கிறது. அதனால் வெள்ளை உப்பு சாம்பல் நிறமாகிறது, மாநிற முகமும் கரிய முகமும் இருளில் அமிழ்கின்றன. தேர்ந்த ஒளிப்படக்காரர் உப்பளத்தில் ஒன்று முதல் இரண்டு படி வரை ஒளியைக் கூட்டிக்கொள்வார். கைப்பேசியில் எடுப்பவர் திரையில் தெரியும் முகத்தைத் தொட்டாலே ஓரளவு சரியாகும்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து வண்ணப்பட நிலையங்களுக்கு அனுப்பிய ஒப்பீட்டு அட்டையில் வெள்ளைத் தோலுடைய பெண் ஒருவரின் படம் இருந்தது. அவருடைய பெயரால் அது ஷர்லி அட்டை எனப்பட்டது. அவருடைய தோல் இயல்பாகத் தெரிந்தால் நிறம் சரி என்பது அளவுகோல். கரிய தோலின் நுட்பமான நிறவேறுபாடுகள் அந்த அளவுகோலில் நெடுங்காலம் இடம் பெறவில்லை. எது ‘சரியான’ படம் என்பதைக் கருவி தானாக முடிவு செய்ததில்லை. யாரோ ஒருவருடைய முகத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்தது.

ஆனால் பழி முழுவதையும் கருவியின்மேல் போட இயலாது. ஒளிப்படக்காரர் சூரியனை நோக்கி நிற்பதால்தான் உருவம் நிழலாகிறது. அவர் தொழிலாளியைச் சுற்றி நடந்து மறுபக்கம் வந்தால், சூரிய ஒளி முகத்தில் விழும். கீழே கிடக்கும் உப்பும் ஒளியை மேல்நோக்கி அனுப்பித் தாடை, கண்குழி நிழல்களை இளக்கும். இவ்வளவு பெரிய ஒளித்தட்டு எந்த ஒளிப்பட நிலையத்திலும் கிடையாது. முகத்தைக் காட்டத் தேவையான ஒளியை உப்பளமே தருகிறது. அந்தப் பத்தடி நடைதான் பெரும்பாலான படங்களில் இல்லை.

முகத்தை ஒளிரச் செய்யும் அதே உப்புதான் அங்கே வேலை செய்பவரின் கண்ணையும் வருத்துகிறது. நாள்தோறும் எதிரொளியில் நிற்பவர்களுக்குக் கண் எரிச்சலும் பார்வைக் குறைபாடும், உவர்நீரில் நிற்பவர்களுக்குக் காலில் வெடிப்பும் புண்ணும் வருகின்றன. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியலுக்கு முன்பே வருகிறார்கள். ஒளிப்படக்காரர் ‘பொன்னொளி நேரம்’ என்று தேடி வருவதும் அதே வேளையைத்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உப்பு விளைவதில்லை. அப்போது அளத்தில் வேலையும் இல்லை, அந்த அழகிய படமும் இல்லை.

ஆளில்லாத அழகு: ஒரு பழைய முன்மாதிரி

தமிழ்நாட்டை ஒளிப்படத்தில் பதித்த முன்னோடிகளுள் ஒருவர் லின்னேயஸ் டிரைப். சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அவர் 1858இல் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக ஒட்டியது அவருடைய பெரும் பணி.

அவர் பயன்படுத்திய மெழுகுதாள் முறையில் ஒளி பதிய நெடுநேரம் ஆகும். அசைபவர்கள் பதிய மாட்டார்கள். மக்கள் கூடும் கோயில்களும் தெருக்களும் ஆளரவமற்றுத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம். நீல வானம் வெறும் வெண்மையாகப் பதிந்ததால், டிரைப் தம் எதிர்த்தகட்டின்மேல் மேகங்களைத் தூரிகையால் தீட்டினார். வானத்தைத் திருத்த அவர் வழி கண்டார். மறைந்த மக்களை மீட்க அன்றைய தொழில்நுட்பத்தில் வழி இல்லை. அவர் படங்களின் அமைதி இன்றும் பார்ப்பவரைக் கட்டிப்போடுகிறது. எனினும் அந்த அமைதி அன்றைய மதுரையின் அமைதி என்று நம்பினால் தவறு. இன்று நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்க முடிகிறது. இன்றும் மனிதர் மறைந்தால், அது தேர்வு மட்டுமே.

அழகு குற்றவாளியா?

துன்பத்தை அழகாகக் காட்டுவது தவறு என்றொரு வாதம் உண்டு. பிரேசில் நாட்டு ஒளிப்படக்காரர் செபாஸ்தியோ சல்காடோவின் தொழிலாளர் படங்களைப் பற்றி 1991இல் நியூயார்க்கர் இதழில் எழுதிய இன்கிரிட் சிஷி, துயரை அழகாக்கும்போது பார்ப்பவர் செயல்படத் தூண்டப்படுவதில்லை, அழகை வியப்பதோடு நின்றுவிடுகிறார் என்ற பொருளில் கடுமையாகக் குறை கூறினார்.

இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அதை முழுமையாக ஏற்றால், உழைப்பவரை அழகின்றிக் காட்டுவதே நேர்மை என்றாகிவிடும். திருமண மண்டபத்தில் ஒருவருக்கு நல்ல ஒளி அமைப்பவர், அளத்தில் நிற்பவருக்கு மட்டும் மங்கிய ஒளி போதும் என்று நினைப்பது மற்றொரு வகை அவமதிப்பு. அழகு யாரைச் சேர்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். வானத்துக்கும் வரப்புக்கும் மட்டும் அழகு சேர்ந்து, மனிதர் அளவுகாட்டும் குச்சியாக நின்றால் அந்தப் படம் குறையுடையது. நிழலுருவம் எப்போதும் தவறு என்பதும் இல்லை. தம் முகம் தெரிய வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நிழலே மரியாதை. பாத்திகளின் வடிவத்தை மட்டும் காட்டும் படத்தில் மனிதர் இல்லாததும் குறையாகாது.

மற்றொரு வழி சாத்தியம் என்பதற்கு எம். பழனிக்குமாரின் பணி சான்று. பி. சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணகத்தில் அவருடைய படங்கள் வெளிவருகின்றன. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி அபர்ணா கார்த்திகேயன் எழுதிய கட்டுரைக்கும் அவர் படம் எடுத்துள்ளார். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களையும், மீன் விற்ற தம் தாயின் உழைப்பையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இப்படங்களிலும் கடலும் ஒளியும் உப்பும் உண்டு. ஆனால் படத்தின் நடுவில் இருப்பது ஆள். முகத்துக்கு அருகில் சென்று, அவர்களோடு நாள்களைச் செலவிட்டு எடுத்த படங்கள் என்பது பார்த்தாலே விளங்கும். இங்கே அழகு துன்பத்தை மூடவில்லை. ஒருவரை நின்று பார்க்க வைக்கிறது.

திணை தரும் அளவுகோல்

1790இல் இம்மானுவேல் காண்ட், தன்னலமும் தேவையும் கலவாத பார்வையில்தான் தூய அழகு புலப்படும் என்று கூறினார். அழகை ஆராய்வோர் இன்றும் அவரிடமிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் உப்பளத்தைத் தன்னலமின்றிப் பார்ப்பது யாருக்கு எளிது? காரை நிறுத்திவிட்டு இறங்கியவருக்கு எளிது. அங்கே கூலி பெறுபவருக்கு எளிதன்று.

தமிழ் மரபில் இதற்கு வேறொரு அளவுகோல் இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தை வெறும் காட்சியாக வகுக்கவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். அந்நிலத்துக்குரிய மனவுணர்வு உரிப்பொருள். நெய்தலுக்குப் பொழுது எற்பாடு, உணர்வு இரங்கல். உப்பு விளைப்பதும் மீன் பிடிப்பதும் நெய்தலின் தொழில்கள். உப்பு வண்டி ஓட்டும் உமணர் சங்கப் பாடல்களில் பலமுறை வருகின்றனர். தொழிலை நீக்கினால் திணை குறைபட்டுவிடும் என்பது இந்த வகைப்பாட்டிலேயே அடங்கியுள்ள கருத்து.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாள்காட்டிப் படத்தில் முதற்பொருள் மட்டுமே உள்ளது. நிலமும் பொழுதும் மிக அழகாக இருக்கின்றன. கருப்பொருள் ஒரு கறுப்புக் கோடாகச் சுருங்கிவிட்டது. உரிப்பொருள் இல்லை. அந்தப் படம் பொய் சொல்லவில்லை, பாதியில் நின்றுவிட்டது.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

ஒரு படத்தின் அழகைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. முதலில் எதுவும் அறியாமல் படத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அது எங்கே, எந்த வேளையில் எடுக்கப்பட்டது, அதில் உள்ளவர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொண்டு மீண்டும் பார்க்க வேண்டும். அறிய அறிய அழகு கூடினால் அது நல்ல படம். அறிந்தவுடன் அழகு கூசினால், அந்த அழகு அறியாமையின்மேல் நின்றது என்று பொருள்.

மன்னார் வளைகுடா முத்துக்கும் இது பொருந்தும். முத்தின் ஒளி, சிப்பி தன் உட்பூச்சை அடுக்கடுக்காகப் படியவிட்டதால் வருவது. அதை அறிந்தபின் முத்து முன்பைவிட அழகாகத் தெரிகிறது. மூச்சை அடக்கி மூழ்கியவரையும் சேர்த்து எண்ணினால் அதன் மதிப்பு இன்னும் புரிகிறது. உப்புக்கு அந்தப் பெருமையை யாரும் தருவதில்லை. அது மலிவானது, நாள்தோறும் இலையின் ஓரத்தில் கிடப்பது. அதை வாரியவரின் முகம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுக்க, அளத்துக்குள் இறங்கி, ஒரு சொல் கேட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் போதும்.